சட்டைப்பையில் வைத்த பென்டிரைவ்

இரவு ஒரு மணி. குமாசி நகரத்தில் கல்லறைக்குப் போகிற சாலை. அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நடக்காது... அந்தச் சாலையின் கடைசிக் கடை, என் கூட்டாளி ஒப்போங்கின் மைத்துனன் துமாசியுடையது. சாவுக்குப் போஸ்டர் அடிக்கிற கடை.

"கரண்ட்டு இல்லாத நேரத்துலதான் இதச் சொல்லணுமா?" என்கிறாள் பக்கத்தில் கதை கேட்டுக்கொண்டிருக்கும் எஃபுவா. பயமா இருந்தா தள்ளி உக்காரு தாயி.

துமாசியின் கம்ப்யூட்டர், எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் தானாகத் திறந்துவிடும். ஊர் வைரஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது. ஒருநாள் கோபத்தில் அந்த வசதியையே நிறுத்திவிட்டான். பிறகு எதைச் செருகினாலும் அவனே தேடித் திறக்க வேண்டும்.

துஃபியே என்கிற அம்மா, லாரி மோதிச் செத்த மகன் அடாயின் படத்தைப் போஸ்டருக்காக ஒரு பென்டிரைவில் கொண்டுவந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரே படம். துமாசி செருகினான். அழித்துவிடலாம் என்று அவனுடைய பழைய பென்டிரைவும் பக்கத்தில் செருகியிருந்தது. இரண்டும் ஒரே அளவு. எது யாருடையது என்று திறந்து பார்க்கச் சோம்பல். ஒன்றை அழித்தான்... அது அவளுடையது. மீட்க என்னென்னவோ செய்து பார்த்தான். ஒன்றும் மிஞ்சவில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா. காலியாத்தான் கொண்டாந்திருக்கீங்க."

அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "அப்ப நான்தான் எதையோ அமுக்கித் தொலைச்சிட்டேன் தம்பி," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போஸ்டரில், அகாலச் சாவுக்கு அந்த ஊர் வழக்கப்படி, 'என்ன ஒரு அதிர்ச்சி!' என்று தலைப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மெழுகுவத்தி. சனிக்கிழமை அடக்கத்தில் சவப்பெட்டியை மூடும் முன், அந்தப் பென்டிரைவை மகனின் சட்டைப்பையில் வைத்தாள்.

"உன் மொகத்தத் தொலைச்சிட்டேன்டா... நீயே தேடி எடுத்துக்க."

துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டி நின்ற துமாசிக்கு அது கேட்டது. கேட்டும் கேட்காதவன்போலப் பெட்டியை மூடக் கை கொடுத்தான். பாவி.

அன்று இரவு ஒரு மணிக்குக் கடையில் தனியாக இருந்தான். டிங்... பென்டிரைவ் செருகினால் கேட்கிற சத்தம். செருகும் இடத்தில் ஒன்றுமில்லை. திரையில் தானாக ஒரு கட்டம் திறந்தது. மேலே பெயர், அடாய். உள்ளே காலி. கடை முழுக்க ஈரச் செம்மண் வாசனை... வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினான்.

கடையை மாற்றினான். கம்ப்யூட்டரும் புதிது. அந்த அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சந்தையில் அவளைக் கண்டால் வேறு வரிசையில் நுழைந்துவிடுகிறான். அவளோ இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள், தன் கையால்தான் மகன் முகம் போனது என்று.

போன வாரம்... டிங். அதே கட்டம். அதே மண் வாசனை.

"நாந்தான்டா அழிச்சேன். உங்கம்மா இல்ல. நாளைக்கே போய்ச் சொல்லிடறேன், போயிடு," என்று அழுதுகொண்டே, திரையில் பென்டிரைவை வெளியேற்றுகிற பொத்தானை அழுத்தினான்.

திரையில் வந்த பதில்: இதை இப்போது எடுக்க முடியாது. உள்ளே ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.