கதவுக்கும் கிரேனுக்கும் மறு மோதல்

இல்ல தம்பி, எங்கப்பாவை ஜெயிக்க வையுங்கன்னு கேக்க வரல. போன்ல அப்படித்தான் கேட்டேன், ஒத்துக்கறேன். அதெல்லாம் போன வாரம். இப்ப என்னன்னா, ஞாயித்துக்கிழமை அந்த மறு மோதலைப் போடவே வேணாம்னு சொல்லத்தான் வந்திருக்கேன். அட, ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நேரா வரேன், ஓட்டல் சலவைக்கூடத்துல நின்னு நின்னு காலு ரெண்டும் மரத்துப் போச்சு. கத்தறதுக்குக்கூட தெம்பு இல்ல.

உங்க டீவி நிகழ்ச்சி மேல எனக்கு என்ன கோவம்? நல்லாத்தான் பண்றீங்க. அந்தக் காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரரு ஒருத்தரு, இந்தக் காலத்து ஆளு ஒருத்தன், ரெண்டு பேரையும் கம்ப்யூட்டர்ல இறக்கி மோத விடறீங்க. பாக்கறதுக்கு அசல் மாதிரியே இருக்கு, வேர்வைகூட சொட்டுது. எங்கப்பாவும் அவரு கூட்டாளிங்களும் இதையே வாயால ஆடுவாங்க. மீசை முறுக்கின காலத்து ஆளு இப்ப வந்தா என்ன ஆவான், இப்ப இருக்கறவனை அப்ப கொண்டு போய் விட்டா எத்தனை ரவுண்டு தாங்குவான். சோறு ஆறிப்போகும், அம்மா திட்டும், பேச்சு மட்டும் நிக்காது. கடைசியில அப்பாதான் சொல்வாரு, விடுங்கப்பா, ரெண்டுல ஒருத்தன் செத்துப் போயிருப்பான், இன்னொருத்தன் பொறந்திருக்கவே மாட்டான், யாரை யாரு அடிக்கறதுன்னு. எல்லாரும் சிரிச்சுட்டுக் கெளம்புவாங்க.

அதனால நீங்க கதவுக்கும் கிரேனுக்கும் போட்டின்னு விளம்பரம் போட்டப்ப எனக்குத் தலைகால் புரியல. கதவுங்கறது எங்கப்பாவுக்கு ரிங்ல வெச்ச பேரு, உங்களுக்குத் தெரியாததா. சாத்தினா சாத்தினதுதான், எவனும் தாண்டிப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சேன். அப்பாவுக்கு சட்டை மாத்தி, தலை வாரி, முன்னாடி நாற்காலி போட்டேன். டீவியில இருபத்தேழு வயசு அப்பா வந்து நின்னாரு பாருங்க, ஐயோ, நான் எந்திரிச்சுக் கை தட்டிட்டேன். அம்மா இருந்து பாத்திருக்கணும்.

ஒம்பதாவது ரவுண்டுல நீங்க அவரைக் கீழ தள்ளிட்டீங்க.

இல்ல, தெரியும், நீங்க தள்ளல, கம்ப்யூட்டர் தள்ளுச்சு. உயரம், கை நீளம், எடை எல்லாம் போட்டுக் கணக்குப் பண்ணி வர்றதுன்னு போன்ல சொன்னீங்களே. இருக்கட்டும். அந்தக் கிரேனு, இப்ப ரிங்ல இருக்கற பையன், நல்லா வளந்த புள்ள, கை மொழங்காலைத் தொடுது. அப்பா காலத்துல பதினஞ்சு ரவுண்டு, நீங்க வெச்சது பன்னெண்டு. பன்னெண்டு முடிஞ்சாத்தான் எங்கப்பாவுக்கு உடம்பே சூடாகும். சரி விடுங்க, நான் அந்தப் பேச்சு பேச வரல. பேசினா பேசிக்கிட்டே இருப்பேன், வளர்ப்பு அப்படி.

விஷயம் என்னன்னா, அவரு ஆயுசுல கீழ விழுந்ததே இல்ல. தோத்திருக்காரு, நின்னபடி தோத்திருக்காரு. அவருக்கு இப்ப என் பேரு ஞாபகம் இல்ல தம்பி. அம்மா போனது ஞாபகம் இல்ல. சாப்பிட்டோமா இல்லையான்னு தெரியாது. ஆனா விழுந்ததில்லைங்கறது மட்டும் உள்ள எங்கயோ பத்திரமா இருந்துச்சு. அன்னைக்கு டீவியில தன்னைத் தானே பாத்தாரு, விழுந்ததையும் பாத்தாரு. அது பொய்யின்னு நான் எப்படிச் சொல்லிப் புரிய வைக்கறது? பாத்த எனக்கே பொய்யின்னு தோணல.

அதோட விட்டிருந்தாக்கூட ரெண்டு நாள்ல மறந்திருப்பாரு. நீங்க கடைசியில, ரசிகர்கள் கேட்டுக்கிட்டதால மறு மோதல், கதவு திரும்ப வருமான்னு போட்டீங்க பாருங்க. அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு.

மறுநாள்லேர்ந்து பயிற்சி. பழைய படுக்கை விரிப்பை நீளநீளமாக் கிழிச்சு கையில சுத்திக்கிட்டாரு. எம்பத்தோரு வயசு, நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கு, மாடிப்படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு. இவரு விடியறதுக்குள்ள அஞ்சு மாடியும் ஏறி எறங்கறாரு. கீழ் வீட்டுக்காரம்மா வந்து, உங்கப்பா எங்க கதவுக்கு முன்னாடி நின்னு காத்துல குத்திக்கிட்டிருக்காரு, புள்ளைங்க பயப்படுதுங்கன்னுச்சு. என் வீட்டுக்காரரு லாரி ஓட்டிக்கிட்டுப் போனா வர பத்து நாள் ஆகும். தம்பிக்காரன் போன்லயே அக்கா பாத்துக்கம்பான். யாரை யாரு பாத்துக்கறது?

டீவியை அணைச்சு வைக்கலாமேன்னு கேப்பீங்க. வெச்சேன். கிரேனு பயந்து ஒளிஞ்சுக்கிட்டான்னு இன்னும் குஷியாயிட்டாரு. உங்க விளம்பரம்தான் தெருவுல அத்தனை கடையிலயும் ஓடுதே, எதை எதை அணைக்கறது? அதான் உங்களுக்குப் போன் போட்டு, ஒரே ஒரு தடவ ஜெயிக்க வெச்சுடுங்க, மனுஷன் ஓயட்டும்னு கெஞ்சினேன். முடிவுல கை வைக்க முடியாதுன்னுட்டீங்க. நியாயம்தான், நான் குறை சொல்லல.

இப்ப ஏன் போடவே வேணாம்கறேன்னா, அது முடிஞ்சு போச்சு தம்பி.

முந்தாநாள் காலையில. மாத்திரையும் தண்ணியும் எடுத்துட்டுப் போறேன், சமையக்கட்டு வாசல்ல நிக்கறாரு. அப்பா, வாயைத் தொறங்கன்னேன். யாருன்னு நெனைச்சாரோ தெரியல. இடது கை வந்ததை நான் பாக்கவே இல்ல. விலாவுக்குக் கீழ ஒண்ணே ஒண்ணு. தம்ளரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூச்சு உள்ளயும் போகல, வெளியவும் வரல. கண்ணு முழிச்சுக்கிட்டே தரையில கெடக்கேன்.

அடுத்தது விழும்னு பாத்தேன். விழல. அவரு பின்னாடியே நடந்து போயி, ஃப்ரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற மூலையில நின்னுக்கிட்டாரு. அதுதான் சட்டம். எதிராளி விழுந்துட்டா மூலைக்குப் போயிடணும், நடுவர் பத்து எண்ணி முடிக்கற வரைக்கும் தொடக்கூடாது. எல்லாம் மறந்த மனுஷன், இது மறக்கல. நான் கையை ஊனி எந்திரிக்கப் பாத்தேன். உடனே கையைத் தூக்கிட்டு முன்னாடி வராரு. எந்திரிச்சா சண்டை தொடரும்னுதானே அர்த்தம்? திரும்பப் படுத்துட்டேன். அவரும் மூலைக்குப் போயிட்டாரு.

போயி நின்னு சுத்திமுத்தும் பாக்கறாரு. நடுவரைத் தேடறாரு. எங்க வீட்டுல நடுவருக்கு நான் எங்க போவேன்? அவரு முகத்துல ஒரு பயம் வந்துச்சு பாருங்க, யாரும் எண்ண மாட்டாங்களா, இப்படியே நிக்கணுமான்னு. என்னை அடிச்சவருதான், ஆனா எனக்கு அவரைப் பாக்கத் தாங்கல. படுத்தபடியே, மூச்சை இழுத்து இழுத்து நானே எண்ணினேன். ஒண்ணு, ரெண்டுன்னு, பத்து வரைக்கும்.

ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு. அப்புறம் வந்து, மடங்காத முட்டியை மடக்கி உக்காந்து, என்னைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. நல்லா நின்னப்பா, உன்கூட மோதினதுல எனக்குப் பெருமைன்னாரு. வீட்டுல ஆளு இருக்கா, கொண்டு போய் விடட்டுமான்னு கேட்டாரு. கையில சுத்தின துணியை அவரே அவுத்து மடிச்சு வெச்சாரு. சாப்பிட்டாரு, தூங்கினாரு. மாடிப்படிப் பக்கம் போகவே இல்ல.

டாக்டரா? பாத்துட்டேன், ரெண்டு எலும்புல விரிசல். கட்டுப் போட்டிருக்கு. தானா கூடிடும்னாரு.

அதான் தம்பி. ஞாயித்துக்கிழமை நீங்க அவரைத் தோக்கடிச்சாலும் சரி, ஜெயிக்க வெச்சாலும் சரி, அடுத்து ஒண்ணு இருக்குன்னு ஆயிடும். இன்னொரு தடவ பத்து வரைக்கும் எண்ண என்கிட்ட மூச்சு இல்ல.