பன்னிரண்டில் ஒரு புள்ளி

மலையில் வழிகாட்டும் பழைய கருவிகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் பொத்தான்கள். கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே அழுத்தலாம். குளிரில் கைபேசி செத்துப்போகும் இடத்தில் இவை இரண்டு பென்சில் பேட்டரியில் இரண்டு நாள் ஓடும். எங்கள் மலையேற்றச் சங்கத்தில் இப்படிப் பதினைந்து மஞ்சள் கருவிகள் இருக்கின்றன. ஐரோப்பிய நிதியில் ஓசியாக வந்தவை. ஓசியில் கிடைத்த எதையும் எங்கள் ஊர் தூக்கியெறிந்ததில்லை. என்னைத்தான் எறிந்தது.

விசாரணை அதிகாரி அவர்களே, நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு பக்கத்தில் ஒரு தொழில்நுட்ப விளக்கம். மருந்துக்கடை மில்கா கையில் வைத்திருந்த கருவி ஏன் தப்பான பாதையைக் காட்டியது என்பதுதான் கேள்வி. தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த நிபுணரின் அறிக்கையையும் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். இரண்டு முறை படித்தேன். அதன் ஏழாவது பக்கத்தில் இருக்கும் ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் விஷயம். ஒருவர் மலையில் நடக்கும்போது அவருடைய கைபேசி சில நொடிக்கொருமுறை ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகும். புள்ளிகளைக் கோத்தால் பாதை. இன்றைய கைபேசிக்கு ஒரு பாதையில் மூவாயிரம் நாலாயிரம் புள்ளி என்பது பெரிய காரியமில்லை. எங்கள் மஞ்சள் கருவியோ ஐந்நூறுக்கு மேல் வாங்காது. கோப்பின் வடிவமும் வேறு. ஆகவே யாராவது உட்கார்ந்து வடிவத்தை மாற்றி, வேண்டாத புள்ளிகளைக் களைந்து, கருவிக்குள் ஏற்ற வேண்டும். புல்வெளியில் நேராகப் போகும் இடத்தில் எத்தனை புள்ளியைக் களைந்தாலும் குற்றமில்லை. வளைவில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. வித்தை அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நான் பதினெட்டு ஆண்டுகளாக யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். நான் அந்த இலுப்பைப் பூ. "ரூமென் அண்ணே, கோப்பு திறக்க மாட்டேங்குது" என்று தொலைபேசி வரும். நான் பெருமூச்சு விடுவேன். "கொஞ்சம் சிக்கல்தான். நாளைக்கு வா பார்க்கலாம்" என்பேன். சிக்கல் ஒன்றும் இருக்காது. நாலு நிமிட வேலை. மறுநாள் வருபவர் வெறுங்கையோடு வரமாட்டார். வீட்டில் காய்ச்சிய ராக்கியா சாராயம் வரும். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா சூடாக வரும். மில்கா ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் லூத்தெனிட்சா கொண்டுவருவாள். சுட்ட மிளகாயையும் தக்காளியையும் அரைத்து அவள் கிண்டும் அந்த விழுதுக்கு ஊரில் ஈடு கிடையாது. மனைவி போன பிறகு என் சமையலறை அலமாரியை நிரப்பியது இந்த ஐந்நூறு புள்ளிக் கணக்குதான்.

பிறகு யாவோர் வந்தான். முப்பத்துநாலு வயது, நல்ல பையன். நல்லவன் என்பதுதான் அவனிடம் இருந்த பெரிய தொல்லை. ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து சங்கத்தின் இணையதளத்தில் ஒரு பெட்டி செய்துவிட்டான். கோப்பை அதில் போட்டால் அரை நொடியில் மாறி வெளியே வரும். வளைவுப் புள்ளிகளைக் காப்பாற்றும் விதியையும் அவனே எழுதியிருந்தான். என்னைவிட நன்றாக எழுதியிருந்தான். அதைச் சங்கக் கூட்டத்தில் காட்டிவிட்டு என் தோளில் கைபோட்டான்.

"அண்ணே, இனிமே நீங்க நிம்மதியா இருங்க. பதினெட்டு வருஷமா இந்த ஊரே உங்க உசிர எடுத்துச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பழைய ஆளுக்கு மரியாதை என்று பெட்டியின் விதிகளை மாற்றும் கடவுச்சொல்லையும் எனக்குக் கொடுத்தான். "உங்க கண்ணு பட்டுருச்சுன்னா எனக்குத் தைரியம்ணே" என்றான். அதன் பிறகு பதினொரு மாதம் என் தொலைபேசி அடிக்கவில்லை. ஒருமுறை அடித்தது. தவறான எண்.

அலமாரி காலியாயிற்று. அறுபத்தோரு வயது மனிதன் ஒரு ஊறுகாய்ப் புட்டிக்காக ஏங்குவது கேவலம்தான், தெரியும். உங்கள் முன்னால் இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மற்றதை எழுத அவ்வளவு வெட்கமில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெட்டியின் விதியை மாற்றினேன். வளைவைக் காப்பாற்றும் விதியை எடுத்துவிட்டு, இத்தனை புள்ளிக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு களையும் விதியை வைத்தேன். என் எண்ணம் சாதாரணமானது. யாராவது ஒருவர் கொஞ்சம் வழி தவறட்டும், முட்புதரில் நனையட்டும், யாவோரைத் திட்டட்டும், பிறகு என்னைத் தேடி வரட்டும்.

அந்த ஞாயிறு மலைக்குடிலில் சங்கத்தின் வருடாந்திரக் கூடல். எங்கள் வழக்கப்படி ஒருவர் சனிக்கிழமையே தனியாக ஏறிப்போய் அடுப்பை மூட்டி, மற்றவர்களுக்காக அவரைக்கொட்டை சூப்பை ஏற்றிவைப்பார். வழக்கமான பாதையை மரம் வெட்டுபவர்கள் அடைத்திருந்ததால் மேற்குப் பாதையில்தான் போக வேண்டும். அது முகட்டைத் தாண்டி, ஆட்டுப்பாறையின் விளிம்பை ஒட்டிப் பதினோரு வளைவுகளாக இறங்கும். பலருக்குப் புதிய பாதை. ஆகவே பெட்டியில் மாற்றிய கோப்பைத்தான் கருவியில் ஏற்றியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் என் தொலைபேசி அடித்தது. மில்கா.

"அண்ணே, நாளைக்கு நான்தான் மேல போறேன். கருவியில கோடு ரொம்ப நேரா இருக்கே. ஆட்டுப்பாறை பக்கத்துல வளைஞ்சு வளைஞ்சுல்ல எறங்கணும்?"

"யாவோரக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். ரூமென் அண்ணன் பாத்து வெச்சது, தப்பு இருக்காதுன்னான். பாவம், கொழந்தைக்குக் காய்ச்சல்னு அல்லாடிக்கிட்டு இருக்கான். அதான் அவன் முறைய நான் எடுத்துக்கிட்டேன். நீங்க பாத்தீங்கதானே?"

நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்கலாம். சுவர்க் கடிகாரம் நாலைந்து முறை துடித்திருக்கும். தப்பு என்று சொன்னால் அவள் யாவோரிடம் சொல்வாள். அவன் ஓடிவந்து திருத்துவான். திருத்திவிட்டு எனக்கு நன்றி சொல்வான். அதையும் தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்வான்.

"பாத்தேன், மில்கா" என்றேன்.

"அப்பச் சரி. இந்த வருஷ லூத்தெனிட்சா கிண்டிட்டேன். காலையில போறப்ப உங்க வாசல்ல வெச்சுட்டுப் போறேன். எந்திரிக்க வேணாம்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்த்தேன் என்பது உண்மை. என்னளவுக்கு அந்தக் கோட்டை யாரும் பார்த்திருக்க முடியாது.

சனிக்கிழமை முகட்டில் மூடுபனி. நீட்டிய கை தெரியாத பனி என்று மீட்புக் குழுவினர் சொன்னார்கள். ஞாயிறு காலை பனி விலகிய பிறகு குடிலுக்குப் போனவர்கள் அடுப்பு ஆறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் அழைத்தார்கள். நான் வரைபடத்தில் விரலை வைத்து, ஆட்டுப்பாறையின் அடியில் தேடுங்கள் என்றேன். இருபது நிமிடத்தில் மில்காவின் உடலைக் கண்டுபிடித்தார்கள். குழுத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா ரெண்டு நாள் ஆயிருக்கும்ணே" என்றார். அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பெட்டியை மூடிவிட்டார்கள். கோப்புகள் மறுபடியும் என்னிடம் வருகின்றன.

வாசலில் புட்டி இருந்தது. சாப்பிட்டேன். இந்த ஆண்டு உப்பு ஒரு பிடி அதிகம்.

யாவோர் உங்களிடம் என் பெயரைச் சொல்லவே இல்லையாமே. தன்னுடைய பெட்டி, தன்னுடைய பிழை, தன்னுடைய முறைக்குப் போனவள் என்று அழுதானாம். சொன்னேனல்லவா, நல்லவன். அவனை உள்ளே வைத்திருப்பது எனக்கு ஒரு விதத்தில் வருத்தம்தான். ஆனால் அதற்காக இதை எழுதவில்லை.

ஏழாவது பக்கத்துக்கு வருகிறேன். "இந்த விதியை அமைத்தவருக்குப் பாதைக் கோப்புகளைப் பற்றிய அடிப்படை அறிவே இல்லை. எண் கவனமின்றி இடப்பட்டுள்ளது" என்று சோஃபியா நிபுணர் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பாதையில் மூவாயிரத்து அறுநூறு புள்ளிகள். எட்டில் ஒன்று என்று வைத்தால் நானூற்றைம்பது வரும். கருவி வாங்கிக்கொள்ளும். அதை வியாழக்கிழமையே போட்டுப் பார்த்தேன். கோடு வளைவுகளை விட்டு விலகிப் புதருக்குள் போகிறது. போனவர் நனைவார், கால்சட்டை கிழியும், திட்டிக்கொண்டே திரும்பி வருவார். ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் புதர்தான். பன்னிரண்டில் ஒன்று என்று வைத்தபோதுதான் கோடு ஆட்டுப்பாறையின் விளிம்பைக் குறுக்கே வெட்டி, அந்தரத்தில் இறங்கியது. சங்கக் கதவில் ஒட்டியிருந்த முறைப்பட்டியலில் அந்தச் சனிக்கிழமைக்கு எதிரே யாவோர் என்று இருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.

நனைவதற்கு எட்டே போதும். பன்னிரண்டை ஒரு முழு மதியம் செலவழித்து, தெரிந்துதான் வைத்தேன். அறிக்கையில் "கவனமின்றி" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.