குழந்தை கிருண்டாவின் தலை பெருத்தது பற்றி

என் பெயர் ஸைத்தூன் நைகாகா. வயது பதினாறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டேன். உகாண்டாவில் இகாங்கா சந்தைக்குப் பின்புறம், லாரி ஓட்டுநர் இசபிர்யே வீட்டில் தங்கி, அவருடைய ஆண் குழந்தை கிருண்டாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஒரு மாதம். குழந்தையின் தாய் லோகோசே மேடம் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார். குளிப்பாட்டுவதையும் துணி மாற்றுவதையும் அவரே கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். அதன் பிறகு குழந்தையை என் முதுகில் கட்டிவிடுவார். என் அக்கா பிள்ளை முதுகில் ஏறினால் இரண்டு காலாலும் இடுப்பைக் கவ்விக்கொள்ளும். இந்தக் குழந்தையின் கால்கள் தொங்கின. மேடத்திடம் சொன்னதற்கு, "அப்பனை மாதிரி சோம்பேறிடி" என்று சிரித்தார்.

அதன் பிறகு கம்பளித் தொப்பி குழந்தைக்கு ஏறவில்லை. "கொதிக்கிற தண்ணியில போட்டுச் சுருக்கிட்டியா?" என்று மேடம் திட்டிவிட்டுப் புதுத் தொப்பி வாங்கினார். நான் துவைப்பதற்கு முன்பே அதுவும் இறுகியது.

ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்தபோது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆனதால் நானே துணியை அவிழ்த்தேன். இடுப்புக்கு மேலே முதுகில், மெல்லிய தோல் மூடிய ஒரு கட்டி கசிந்துகொண்டிருந்தது. மேடம் ஏதோ சூடு வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். மேடம் வந்ததும், "முதுகைப் பார்த்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று முதல் அவர் என் கைகளையே கவனித்தார், நான் அவர் கைகளைக் கவனித்தேன்.

நேற்று இசபிர்யேயின் அக்கா வந்தார். குழந்தை வாந்தி எடுத்தது, கண்மணிகள் கீழே இறங்கியிருந்தன. "எங்க வம்சத்துல இப்படித் தலை யாருக்கும் கிடையாது. இது யார் வீட்டுத் தலை?" என்று அவர் கேட்டதும், மேடம் என்னைக் காட்டி, "இவதான் கீழே போட்டுட்டா" என்றார். இசபிர்யே காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பினார்.

அதன் பிறகு மேடம் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்ச் சொன்னது: "பொறக்கும்போதே முதுகு மூடலடி. அதனாலதான் கால் வரல, தலையில தண்ணி சேரும், ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. வெளிய தெரிஞ்சா என் வயித்தத்தான் சபிப்பாங்க, துரத்திடுவாங்க. போட்டுட்டேன்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, உன்னை விட்டுடுவாங்க."

இன்று காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ், "விழுந்தானா?" என்றார். மேடம் குழந்தையைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றார். முதுகை யாரும் பார்க்கவில்லை. தலையில் அடிபட்டதற்கு மருந்து கொடுக்கிறார்கள். அங்கிருந்து என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள்.

நான் குழந்தையைக் கீழே போடவில்லை. வேறு யாரும் போட்டதாகவும் எனக்குத் தெரியாது. மேடத்தை வீட்டை விட்டு அனுப்பவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்துப் பார்க்கும்படி ஆஸ்பத்திரிக்கு இப்போதே ஆள் அனுப்பவேண்டும். அதன் பிறகு வீட்டாருக்குச் சொல்லலாம்.

இது சோகா மொழியில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் வாய் திறப்பதற்கு முன்பே "கை தவறி" என்று எழுதப்பட்டிருந்த வரியை அடிக்கச் சொன்னேன். எழுதிய போலீஸ்காரர்கள் காதில் விழவில்லை என்றார்கள். மறுபடி சொன்னேன். அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்கள். மீதி எல்லாம் நான் சொன்னது, உண்மை. கீழேயும், அடித்த இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஸைத்தூன் நைகாகா