நேற்றோடை நிண்ட ஊர்

— அழிச்சுவிடும் எண்டு அரை மணித்தியாலமாக் கேக்கிறன், வினோஜா. ஒரே ஒரு வரி. அதுக்கு ஏன் இவ்வளவு கதை?

— அழிக்க ஏலாது கஜாலினியக்கா. ஊராக்களின்ரை விபரமெல்லாம் கிடக்கிற இந்த இணையத்தளத்தை ஊர்ச்சங்கம் என்னட்டைத் தரேக்கை முதல் சொன்னதே அதுதான். வெளிநாட்டுச் சனம் துடக்கு, சாவுத் தீட்டு, எத்தினை நாளெண்டு பாக்கிறது இதை வைச்சு. ஒராளின்ரை செத்த திகதியை அழிச்சா அங்கை பத்துக் குடும்பம் துடக்கோடை கோயிலுக்குப் போய் நிண்டுடும்.

— நிக்கட்டும். அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்து மூண்டு மாசம் ஆகேல்லை. ஒரு அதிர்ச்சியும் தாங்கமாட்டா எண்டு டொக்டர் என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னவர். தம்பி பரிஸிலை செத்து இருபத்திநாலு நாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாதெண்டு குசினிக்குள்ளை கூட அழாமல் நிக்கிறன். இண்டைக்கு விடியப் பாத்தா 'அமரர் சுதாகரன்' எண்டு போட்டுக் கிடக்கு.

— ஆர் போட்டது?

— என்னைக் கேக்கிறீர்! பரிஸ் ஆக்கள்தான், வேறை ஆர்? போடாதேங்கோ எண்டு ஒவ்வொருத்தராக் கெஞ்சினனான். உதிலை பேர் விழாதோ?

— ஆர் திருத்தினதெண்டு காட்டுற பகுதி நான் இன்னும் செய்யேல்லை அக்கா. பின்னேரக் கொம்பியூட்டர் வகுப்பிலை அது அடுத்த பாடம். சரி, அம்மா கண்டிட்டாவோ?

— இல்லைப் போலை. காலமை போன் கையிலை கிடந்தது, பேந்து படுத்திட்டா. என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. மத்தியானம் சாப்பிட்டுத்தான் ஊராக்களின்ரை படமெல்லாம் வடிவாத் தட்டிப் பாப்பா. பக்கத்து வீட்டுச் சறோஜினிதேவியக்காவைக் காவலுக்கு இருத்திப்போட்டு மடத்துவெளியிலையிருந்து ஓடி வந்தனான். கெதியாச் செய்யும்.

— இருபத்திநாலு நாளா மகன் கதைக்கேல்லையெண்டு அவ தேடேல்லையோ?

— இரவு வேலை, பகல் நித்திரை எண்டு சொல்லிவைச்சிருக்கிறன். நான் எழுதி அனுப்புவன். அவன்ரை மனிசி பிரேமினி அதை அவன்ரை போனிலையிருந்து அம்மாவுக்கு அடிப்பா. 'அம்மா சாப்பிட்டனியளோ? மருந்து எடுத்தனியளோ?' அம்மா உடனை 'ஓம் ராசா' எண்டு போடுவா.

— அக்கா, எனக்குக் கை கூசுது.

— எனக்குப் பழகிப்போச்சு. சில நேரம் அந்த 'ஓம் ராசா'வைப் பாக்கேக்கை அவன் எங்கையோ இருந்து வாசிக்கிறான் மாதிரிக் கிடக்கும்.

— அப்ப துடக்கு? அம்மா கோயிலுக்குப் போறவ எல்லே?

— அதிலை கடவுள் காப்பாத்தினவர். அந்தக் கிழமையே முழங்கால் நோகுதெண்டு இருந்திட்டா. இன்னும் போகேல்லை. கதையை விடும், வழியைச் சொல்லும்.

— போன கிழமை படிச்ச ஒண்டு இருக்கு. சரியோ பிழையோ தெரியாது, நான் இன்னும் ஒருக்காலும் போட்டுப் பாக்கேல்லை. டிபோல்ட் பில்டர் எண்டு.

— தமிழிலை சொல்லும்.

— அம்மா போனிலை ஒரு பேரைத் தட்டுறா. அது டேற்றாபேசிட்டைப் போய், 'இந்த ஆள் ஆர்?' எண்டு கேக்கும். அந்தக் கேள்வியின்ரை வாலிலை நாங்கள் ஒரு நிபந்தனையைக் கட்டிவிடலாம். 'உயிரோடை இருக்கிறவையை மட்டும் தா' எண்டு. அவ எதைக் கேட்டாலும் அது தானா ஒட்டிக்கொண்டு போகும். ஒட்டியிருக்கெண்டு அவவுக்குத் தெரியாது.

— அம்மான்ரை கணக்குக்கு மட்டும்?

— ஓம். மற்றவைக்கு எல்லாம் பழையபடி.

— போடும்.

— பொறுங்கோ, முதல் கொப்பியிலை எழுதிக்கொள்ளுறன். ...சரி. போட்டிட்டன். அம்மான்ரை கணக்காலை உள்ளை போய்ப் பாப்பம்.

— தம்பியைக் காணேல்லை. அப்பாடா.

— அக்கா...

— அப்பா எங்கை?

— அதுதான் பிழை. உயிரோடை இருக்கிறவையை மட்டும் எண்டு கேட்டா, இருபது வரியத்துக்கு முதல் செத்த உங்கட அப்பாவும் போயிடுவார். செத்த ஆக்கள் ஒருத்தரும் இல்லை. பாருங்கோ, உங்கட ஒழுங்கையிலையே மூண்டு வீடு வெறுமை.

— எடும், எடும்! விளக்குக் கொழுத்த முதல் அம்மா அப்பான்ரை படத்தைத்தான் திறக்கிறவ. காணேல்லையெண்டா பிரசர் ஏறவே தேவையில்லை, அந்த இடத்திலையே முடிஞ்சுது.

— எடுத்திட்டன். இப்ப சுதாகரனண்ணையின்ரை வரியை மட்டும் மறைச்சுப் பாக்கிறன். ...ம்.

— அம்மான்ரை பேருக்குக் கீழை 'பிள்ளைகள்: ஒருவர்' எண்டு கிடக்கு.

— மறைக்கிறதெண்டா ஆள் அப்பிடியே இல்லாமல் போயிடும் அக்கா. உயிரோடை இருக்கிறாரெண்டு பில்டருக்குச் சொல்லத் தெரியாது.

— அவன் பிறக்கேல்லை மாதிரி. நான் தனிய. உதையும் எடும்.

— அழாதேங்கோ அக்கா. தண்ணி கொண்டுவரட்டே?

— நான் அழேல்லை. யோசியும் நீர்.

— இன்னொண்டு இருக்கு. நல்லதோ தெரியாது. இந்தத் தளத்திலை ஒரு ஆளைத் திருத்தினா பழைய வரி அழியாது, மேலை புதுசா ஒண்டு வந்து விழும். அண்ணையின்ரை பழைய வரி, உயிரோடை இருந்தது, கீழை இன்னும் கிடக்கு. அப்ப திகதியாலை வெட்டலாம். அம்மா எதைக் கேட்டாலும், 'நேற்று இரவு வரைக்கும் உள்ளதை மட்டும் தா' எண்டு.

— அப்ப அப்பா?

— இருப்பார். செத்தவரா, படத்தோடை. அண்ணை உயிரோடை இருப்பார். நீங்கள் ரெண்டு பேர்.

— பேந்தென்ன, போடும்!

— அக்கா, வடிவாக் கேளுங்கோ. அம்மாவுக்கு மட்டும் ஊர் நேற்றோடை நிண்டுடும். நாளைக்கு ஆருக்கும் பிள்ளை பிறந்தா அவவுக்குப் பிறக்காது. ஆரும் கலியாணம் கட்டினாலும் கட்டேல்லை. நீங்கள் செத்தாலும் அம்மாவுக்கு நீங்கள் உயிரோடைதான்.

— நல்ல வாய் உமக்கு. ஊர் அங்கையே நிக்கட்டும். அம்மாவுக்குக் கொஞ்சம் தேறும் மட்டும்தானே.

— பேந்து எப்ப எடுக்கிறது?

— அதை நான் சொல்லுவன்.

— சரி. ...போட்டாச்சு. பாருங்கோ.

— இருக்கிறான். பழைய படத்தோடை. சிரிச்சுக்கொண்டு... வினோஜா, நீர் நல்லாயிருப்பீர்.

— போன் அடிக்குது. தளத்து நம்பருக்கு. அக்கா, உங்கட அம்மா!

— ஐயோ. எடும். ஸ்பீக்கரிலை போடும். நான் இஞ்சை நிக்கிறதைச் சொல்லிப்போடாதையும்.

— ஹலோ, செல்லாச்சி அம்மா, சொல்லுங்கோ.

— பிள்ளை, வெப்சைற் பாக்கிற வினோஜாவோ? உதிலை ஏதோ பிழை மோனை. சறோஜினி குசினிக்கை தேத்தண்ணி போடுறாள், அதுக்கிடையிலை கேக்கிறன். நான் விடியப் போட்டது இப்ப காணேல்லை.

— என்ன... என்ன போட்டனியள் அம்மா?

— என்ரை மகன் சுதாகரன்ரை செத்த திகதி.

— அம்மா...

— பயப்பிடாதை பிள்ளை, நான் கதிரையிலைதான் இருக்கிறன். அவன் ஒருநாளும் என்னைச் 'சாப்பிட்டனியளோ' எண்டு கேட்டதில்லை. ஒரு கிழமையா அதைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டுது போன். எனக்கு விளங்கிச்சுது. பேந்து பரிஸிலை எங்கட ஆளொருத்தனைப் பிடிச்சுக் கேட்டன், சொல்லிப்போட்டான். ஆரும் போடுவினமெண்டு பாத்தன். இவள் கஜாலினி எல்லாரையும் மறிச்சுப்போட்டாள். செத்த ஊராக்களின்ரை பேரோடை அவன்ரை பேர் இல்லாமல் முப்பத்தொண்டாம் நாள் காரியம் வரக்கூடாது. அதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே இருந்து எழுதினனான். ஒரு மணித்தியாலம் பிடிச்சுது.

— அது... அம்மா, அது அழியேல்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரியேல்லை. மற்ற எல்லாருக்கும் தெரியும்.

— எல்லாருக்குமோ? கஜாலினிக்குமோ?

— ஓம்.

— அதுதான் மோனை எனக்குப் பயம். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டுதான் அந்தப் பிள்ளை எழும்பி நடக்குது, சமைக்குது. எனக்குத் தெரியுமெண்டு கண்டா விழுந்துபோம். அவளின்ரை கண்ணுக்கு மட்டும் அதை மறைச்சுவிட ஏலுமே?