தையல் வேலைன்னு சொல்லிட்டேன்

“ஹலோ... ஹலோ, கேக்குதாங்க? நான்தான், மீனா... ஆஸ்பத்திரியிலதான், வேற எங்கன போவேன்?... இருக்கா, இருக்கா. மாஸ்க்க எடுத்துட்டாக. மூக்குல குழா மட்டும் இருக்கு... ஆமா, பால் குடிச்சா. கொஞ்சந்தான்.”

விருதுநகரில் குழந்தைகள் வார்டு வாசலில் பாண்டிமீனா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் யார் நடந்தாலும் போலீஸ் மாதிரியே இருந்தது. வீட்டுக்குள் வைத்துப் பட்டாசுக்கு வெடிமருந்து பூசிய கருந்திரி செய்வது குற்றம். பிடித்தால் ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் அவள் கணவன் பாண்டிமுருகனுக்கு ஜெயில்தான்.

“இல்லங்க, இது வேற... ஸ்ரீமதி மூக்குல குச்சிய விட்டு எடுத்தாகல்ல, அதப் பத்தி... கிருமி என்னன்னு தெரிஞ்சிருச்சு. மூக்குக்குள்ள இருக்கிற செல்லுல ஜீனுன்னு ஒண்ணு இருக்காம். கிருமி நொழஞ்சதும் அதுல சிலது முழிச்சுச் சத்தம் போடணுமாம். சில பிள்ளைகளுக்கு லேட்டா முழிக்குதாம்... சிரிக்காதீக. நம்ம பிள்ளைக்கு எப்படின்னு பாக்கத்தான் எடுத்திருக்காக.”

“ஆமா, அடுத்த வீட்டு ஹரிஷ்குமாருக்கும் இதே காச்சல்தான்... ஆமாங்கேன், அவுக வீட்லயும் திரிதான், யாரு இல்லன்னா? ஒரே கிருமி. அவன் மூக்க ஒழுக்கிக்கிட்டு விளையாடுறான், இவ மூச்சுக்கு அல்லாடுறா. அது ஏன்னுதான் அவுகளும் தேடுறாக... திரி மருந்துத் தூசியாலன்னு டாக்டரம்மா சொல்லல. தெரியலன்னுதான் சொல்றாக. தெரியாமத்தான வீட்ல புகையா, தூசியான்னு கேக்குறாக... தையல் வேலைன்னு சொல்லிட்டேன்.”

அந்தத் தெருப் பெண்கள் பேனாவோடு யார் வந்து கேட்டாலும் தையல் என்றுதான் சொல்வார்கள். தெரு முழுக்கத் தேடினாலும் ஒரு தையல் மெஷின் கிடையாது. அவளுக்கும் யோசிக்குமுன் வாயில் வந்துவிட்டது.

“நல்லதா? என்ன நல்லது? புகை, தூசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளோட இவளச் சேத்து எழுதிட்டாக. நாளைக்கே கூட்டிட்டுப் போங்கன்றாக... சந்தோசப்படுறீகளே, தொட்டிலுக்கு மேல என்ன தொங்குதுன்னு பாருங்க. மழைன்னு திரிய உள்ளதான காயப்போட்டிருக்கீக?... எடுத்துருங்க. எடுத்துருங்களேன்... எங்கன வைக்கன்னு என்னையக் கேட்டா? இருக்கிறது ஒரே ரூம்பு... யாரு பக்கத்துல? முத்துக்கருப்பண்ணாச்சியா? லோடு எடுக்க வந்தாகளா?”

தெருவுக்கே திரி ஆர்டர் கொடுப்பவர் அவர். குரல் பொசுக்கென்று பணிந்தது.

“வணக்கம் அண்ணாச்சி... தேவலாம் அண்ணாச்சி... ஆமா, சீசன்தான்... ஆமா, ஆர்டர் நிக்கக் கூடாதுதான்... ஆமாண்ணாச்சி, ஒரு வீட்டத் தொட்டா தெருவே மாட்டிக்கிடும்... சொல்லல... சொல்ல மாட்டேன்... சரி... சரி... அவுகட்ட குடுங்க.”

வார்டுக் கதவு திறந்தது. டாக்டரம்மா அவளைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். ஓடலாமென்றால் பிள்ளை உள்ளே இருக்கிறாள்.

“ஏங்க, வச்சிராதீக. கேட்டுக்கிட்டே இருங்க.”

போனைக் காதிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா, பிள்ளைய வீட்டுக்கு அனுப்பாதீக... இல்லம்மா, பஸ்ஸுக்கெல்லாம் கஷ்டம் இல்ல... வீட்லயும் ஆளு இருக்கு... அதில்லம்மா. நாங்க தைக்கிறவுக இல்ல.”

நெஞ்சோடு அணைத்திருந்த போன் அலறியது. இரண்டு ஆண் குரல்கள், ஒன்றின்மேல் ஒன்று. அவள் பார்க்காமலே கட்டைவிரலால் தடவி லைனை வெட்டினாள்.

“கருந்திரி போடுறோம்மா. பிள்ளை தூங்குற ரூம்புலதான்.”