ஒரே ஒரு நைலக்ஸ் புடவை

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். கூலித் தகராறில் அறுவடை நின்றுபோய், வழியெல்லாம் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்த வருஷம் அது.

“நாம ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போகவே முடியாது அண்ணி” என்றாள் சின்னவள்.

“ஏண்டி அப்படிச் சொல்ற?”

“வீட்டுல நல்லதா இருக்கிறது அந்த ஒரு நைலக்ஸ்தான். நான் கட்டினா நீங்க வீட்டுல, நீங்க கட்டினா நான் வீட்டுல.”

“கூலி பேசி முடியட்டும். அறுப்புக்குப் போனதும் உனக்கு ஒண்ணு எடுத்துடலாம்.”

“கல்யாணம் இந்த வெள்ளிக்கிழமையே வந்துடுதே. போட்டோவெல்லாம் எடுக்கிறாங்களாம். உங்க பக்கத்துல நின்னு ஒண்ணு எடுத்துக்கணும்னு எனக்கு எவ்வளவு நாளா ஆசை தெரியுமா?”

அண்ணி வெளியே சாய்ந்து கிடந்த கதிரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ரெண்டு பேரும் நூல் புடவையிலயே நிப்போம். போட்டோ கறுப்பு வெள்ளைதானே, யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, நீ அதைக் கட்டிக்கிட்டு முன்னால நில்லு. நான் உன் பின்னால நிக்கிறேன். என் முகம் மட்டும் தெரிஞ்சா போதும்.”