கோசரா மிர்கொவ் கத்திக் கெடுத்த வரி

மேடையில் வீற்றிருக்கும் பழங்கணினிக் கழகத் தலைவர் ஸ்ரேத்தென் அவர்களே, வானொலி நிலையத்தில் என் குரலைச் சகித்துக்கொண்ட பழைய தோழர்களே, கோசராவின் தம்பி குடும்பத்தாரே, பெட்ரோவரதினிலிருந்தும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் வந்து இந்த மன்றத்தை நிறைத்திருக்கும் குழந்தைகளே! ஆம், குழந்தைகளே என்றுதான் அழைக்கிறேன். தலை நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, பேரப்பிள்ளை எடுத்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இருந்தால் என்ன? வானொலிப் பொறியாளர் கோசரா மிர்கொவ் அம்மையார் கடைசி நாள்வரை உங்களை அப்படித்தான் அழைத்தார்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். வலப்பக்கம் ஜன்னல் திறந்திருக்கிறது, இடப்பக்கம் கதவும் திறந்திருக்கிறது. கோசராவின் படத்துக்கு முன்னால் இப்படி ஒரு ப்ரொமாயாவா? குறுக்குக்காற்று அடித்தால் பல்வலி, கழுத்துப் பிடிப்பு, தேர்வில் தோல்வி எல்லாம் வரும் என்று நம் தாய்மார்கள் நமக்குச் சொல்லவில்லையா? நன்றி. நான்கு பேர் எழுந்து ஓடினீர்கள். யாராவது ஒருவர், “உண்மையிலேயே காற்று அடிக்கிறதா?” என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருகிறேன்.

கோசராவின் புகழ் பாடுவதற்காக மட்டும் நான் இங்கே நிற்கவில்லை. ஒரு கேள்விக்கு விடை சொல்லவும் நிற்கிறேன். “லகூம்” விளையாட்டின் கடைசிக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது? ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக நீங்கள் கேட்கும் கேள்வி இது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே வூகிட்சா, அவர் கழகத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி. அதன் விடையைக் கோசரா என்னிடம் சொன்னார். “நான் போனப்புறம் சொல்லு. உயிரோட இருக்கும்போது சொன்னா என் கழுத்தப் பிடிப்பாங்க” என்றும் சொன்னார். இன்று அவர் கழுத்துக்கு ஆபத்தில்லை.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எண்பதுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் கணினியைக் கடையில் வாங்கவில்லை. பத்திரிகையில் வந்த மின்சுற்றுப் படத்தைப் பார்த்து, சமையலறை மேசையில் ஈயம் உருக்கி ஒட்டி, தாங்களே செய்தார்கள். அதற்குள் ஓட வேண்டிய நிரல் எப்படி வந்தது தெரியுமா? வானொலியில் வந்தது! சனிக்கிழமை மாலை நான் ஒலிவாங்கியில், “நாடாவைத் தயார் செய்யுங்கள்” என்பேன். கோசரா ஒலிப்பலகையின் முன் அமர்ந்து கேசட்டை ஓடவிடுவார். கரகரவென்று ஒரு கீச்சொலி கிளம்பும். அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பிடித்துக் கணினிக்குள் ஊட்டுவார்கள். அது விளையாட்டாக மாறும்!

அந்த இரண்டு மூன்று நிமிடம் ஊரே அடங்கிக் கிடக்கும். எந்த அம்மாவும் மிக்ஸியைப் போடக் கூடாது, எந்த அப்பாவும் விளக்கைத் தட்டக் கூடாது; தட்டினால் நாடாவில் இரைச்சல் விழும். எனக்கு அப்போது அது வெறும் சத்தம். கோசராவுக்கு? கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இப்ப படம் வரையற வரி போகுது... இப்ப எண்கள்... இது என்ன, ஒரே எழுத்தா வருது, எவனோ சோம்பேறி எழுதியிருக்கான்” என்பார். நான் நம்பாமல் கணினியில் ஏற்றிப் பார்ப்பேன். அவர் சொன்னபடியே இருக்கும்! இப்படி ஒரு காதை நான் கண்டதில்லை. காற்றின் வழியே ஒரு சுரங்கத்தை, அதன் கதவுகளை, அதற்குள் நடக்கும் ஒரு சின்ன மனிதனை அனுப்ப முடிந்ததே! இன்று நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

“லகூம்” அவரே எழுதியது. கோட்டைக்கு அடியில் இருக்கும் நம் சுரங்கங்கள்தான் அதில் வருபவை. கதவு கதவாகத் திறந்துகொண்டு போக வேண்டும். கடைசிக் கதவுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்வது 640ஆம் வரி, நிரலின் கடைசி வரி. எண்பத்தாறாம் ஆண்டு, கடும் குளிர்காலம். ஒரு மாதமாக நான் வானொலியில் அறிவித்து அறிவித்து, ஊரே காத்திருந்தது. கேசட் ஓடியது. நான் காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். முடியப் போகும் நேரத்தில், எனக்குப் பக்கத்திலிருந்து ஓர் இடி விழுந்தது.

“ப்ரொமாயா! எவன்யா ஜன்னலத் திறந்தது? மூடித் தொலைங்க!”

ஒலிவாங்கி திறந்திருந்தது. கீச்சொலியின் மேல் கோசராவின் குரல் ஏறி ஊர் முழுக்கப் போய்விட்டது. ஒவ்வொரு வீட்டு நாடாவிலும் பதிந்தும்விட்டது! கணினியில் ஏற்றிய பிள்ளைகளுக்கு எல்லா வரியும் வந்தது, கடைசி வரி மட்டும் குப்பையாக வந்தது. அந்தக் கணினிக்குக் கோபம் வந்தால் சொல்லத் தெரிந்தவை மூன்றே. “என்ன?” “எப்படி?” “மன்னிக்கவும்.” அன்று பெட்ரோவரதின் முழுக்க எல்லாக் கணினிகளும் “என்ன?” என்று கேட்டன.

தொலைபேசி அலறியது. முதலில் அழைத்தது ஒரு சிறுமி. அழுகையை விழுங்கிக்கொண்டு பேசினாள். கோசரா அதை அப்படியே ஒலிபரப்பில் விட்டார்.

“அத்தை, கடைசிக் கதவு தொறக்கவே மாட்டேங்குது.”

“640ஆம் வரி கெட்டுப்போச்சு கண்ணு. என் வாயாலதான் கெட்டுச்சு.”

“இன்னொரு தடவ போடுங்களேன்.”

“அந்த கேசட்ல இப்பதான் கால்பந்து வர்ணனையப் பதிஞ்சுட்டாங்களாம்.”

“அப்ப கதவுக்குப் பின்னாடி என்னதான் இருக்கு?”

“அத நீயே எழுது. மத்த வரியெல்லாம் எப்படி இருக்குன்னு பாரு, பாத்து அதே மாதிரி எழுது. தப்பா எழுதினா கணினி ‘என்ன?’ன்னு கேக்கும். கேட்டா கேக்கட்டும், திரும்ப எழுது.”

அந்தச் சிறுமிதான் வூகிட்சா.

ஒலிவாங்கியை மூடாமல் விட்டவன் என்று நிலைய இயக்குநரிடம் திட்டு வாங்கியது யார்? நான்! வெளியே தலைகாட்டினால், “என்னங்க ஓஸ்தொயா, ஜன்னல மூடிட்டீங்களா?” என்று ரொட்டிக் கடைக்காரர்கூடக் கேட்டார். கோசரா என்ன சொன்னார்? “இனிமே கவனமா இருய்யா” என்றார். எனக்கு!

பிறகு காலம் ஓடியது. நாடு உடைந்தது, குண்டுபட்டுப் பாலங்கள் ஆற்றில் விழுந்தன, பிள்ளைகள் திசைக்கொருவராகப் போனார்கள். வானொலி நிலையத்தையும் மூடினார்கள். கோசரா ஓய்வு பெற்று, இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கழகத்தைத் தொடங்கினார். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் பரணிலிருந்து பழைய கணினிகளையும் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்து, சின்னத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, செத்துப்போன நாடாக்களை அவர் பேச வைத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்போதுதான் அந்த அதிசயம் வெளிப்பட்டது. எல்லோரிடமும் லகூம் இருந்தது. ஒருவரிடம் இருந்த லகூம் இன்னொருவரிடம் இல்லை!

ஒருவர் கதவைத் திறந்தால் மிதிவண்டி. ஒருவர் திறந்தால் கடல். ஒருவருக்கு, அப்பா குடிக்காமல் வீட்டுக்கு வருகிறார். ஒரு தடித்தாண்டவராயன், அதோ மூன்றாம் வரிசையில் நெளிகிறார், அவர் கதவைத் திறந்தால் கணக்கு வாத்தியார் கழுதையாக நிற்கிறார். இந்த ஊரின் குழந்தைகள் எதையெல்லாம் வேண்டினார்களோ அதெல்லாம் ஒரே ஒரு வரியில் இருந்தது. எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பாவது இதைக் கேட்டதா? இன்றைய கருவிகள் என் பேரனிடம், அவன் கேட்குமுன்பே விடை சொல்கின்றன. அன்றைய கருவி உங்களிடம் “என்ன?” என்று மட்டும் கேட்டது. நீங்கள் யோசித்தீர்கள்!

வூகிட்சாவின் கதவில் இருந்தது என்ன? அவர் அனுமதியோடு சொல்கிறேன். பெட்டியோடு அவர் அம்மா நின்றிருந்தார். வெளிநாட்டுக்கு, ஸ்டுட்கார்டுக்கு வேலைக்குப் போன அம்மா. பள்ளி விட்டு வந்ததும் வூகிட்சா சுரங்கம் முழுக்க நடந்து, கடைசிக் கதவைத் திறந்து, “கண்ணு, அம்மா வந்துட்டேன்” என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அம்மா திரும்பி வரவில்லை. அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது. அதனால்தான் வூகிட்சா ஒவ்வொரு முறையும் கோசராவிடம் கேட்டார்: “அத்தை, நிஜமா நீங்க என்ன எழுதியிருந்தீங்க? நான் எழுதினது ஒட்டுப்போட்டது தானே? நிஜக் கதவுல வேற ஏதோ இருந்துச்சு, இல்ல?” கோசரா ஸ்பிரிட் பாட்டிலை மூடிவிட்டு, “காபி போடவா?” என்பார்.

சென்ற வசந்தத்தில் ஓர் அருங்காட்சியகத்தார் வந்து, மூல லகூம் கிடைத்தால் காட்சிக்கு வைக்கலாம் என்றார்கள். என் மனைவி விட்டுப்போன ஜாம் பாட்டில்களுக்குப் பின்னால், ஒலிபரப்புக்கு முந்தின நாள் ஒலி அளவு பார்ப்பதற்காக நான் பதிந்த நாடா கிடைத்தது. கூச்சல் கலக்காத நாடா! துள்ளிக்கொண்டு, நோயில் படுத்திருந்த கோசராவின் கட்டிலருகே போனேன்.

“வேணாம்யா ஓஸ்தொயா. தூக்கி ஆத்துல போடு.”

“நாப்பது வருஷமா திட்டு வாங்கினவன் நான். பாத்தே தீருவேன்.”

ஏற்றினேன். அவர் அறையிலிருந்த பழைய கணினி கோபப்படவில்லை. 640ஆம் வரியைத் திரையில் வரவழைத்தேன். நண்பர்களே, அங்கே இருந்தது 640 என்ற எண். அதற்குப் பின்னால் ஆச்சரியக்குறிகள். வரி முழுக்க ஆச்சரியக்குறிகள்! வேறொன்றுமில்லை. அந்தக் கணினியின் மொழியில் ஆச்சரியக்குறிக்கு, இங்கே செய்ய ஒன்றுமில்லை, கடந்து போ என்று பொருள்.

“கோசரா, இது வெத்து வரி!”

“வெத்துதான். முடிவு வரலய்யா. புதையல்னு எழுதினேன், அசிங்கமா இருந்துச்சு. ராஜகுமாரின்னு எழுதினேன், சிரிப்பு வந்துச்சு. எடத்த மட்டும் பிடிச்சு வச்சுட்டு, அப்புறம் எழுதலாம்னு இருந்தேன். நீதான் ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டியே! அத்தன பிள்ளைங்க கதவத் தொறந்து, ஒண்ணுமில்லாம நின்னா? அந்த எடம் வந்ததும் சத்தம் ஒரே சீரா ஓடுச்சு. மைக்க ஏத்தினேன், கத்தினேன்.”

“அப்ப ஜன்னல்?”

“எந்த ஜன்னல்? அந்த ரூம்ல இருந்ததே ஒரு ஜன்னல். குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடியே நான்தானய்யா பஞ்சு வச்சு அடச்சேன்! நீ எழுந்து போய் மூடின பாரு, இழுத்து இழுத்துப் பாத்துட்டு ‘மூடிட்டேன்’னு வந்து உக்காந்த. சிரிப்ப அடக்க முடியாம உதட்டக் கடிச்சுக்கிட்டேன்.”

நினைவு வந்தது. போனேன், இழுத்தேன், மூடிவிட்டேன் என்றேன். ப்ரொமாயா என்று ஒருவர் கத்தினால் நம் ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? கோசரா அதை அறிந்திருந்தார். அந்த ஒரு விநாடியில் என்னை அறிந்தார், இந்த ஊரை அறிந்தார், உங்களையும் அறிந்தார். ஒரு வெற்று வரியை ஒரு கூச்சலால் மூடி, அதை உங்கள் எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டாரே! எனக்கு அந்த வியப்பு இன்னும் தெளியவில்லை.

வூகிட்சா, இது உனக்கு. கோசரா உன்னிடம் சொல்லச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். “அவகிட்ட சொல்லு, அவ எதையும் அழிச்சு எழுதல. அங்க வேற யாருமே இல்ல. அந்தக் கதவுல முதல்ல வந்து நின்னது அவ அம்மாதான்.”

அழு, வூகிட்சா. அழுதால் தவறில்லை.

தோழர்களே, அருங்காட்சியகத்துக்குக் கழகம் பதில் எழுதிவிட்டது. லகூமைத் தருகிறோம், கணினியோடு, விசைப்பலகையோடு தருகிறோம். 640ஆம் வரியை நாங்கள் நிரப்ப மாட்டோம். பார்க்க வரும் ஒவ்வொரு குழந்தையும் அதைத் தானே எழுதட்டும். தவறினால் கணினி “என்ன?” என்று கேட்கட்டும். கீழ்த்தளத்தின் விளக்கை அணைய விடமாட்டோம், எந்த நாடாவையும் கேட்டுப் பார்க்காமல் எறிய மாட்டோம். கோசரா மிர்கொவின் படத்தின் முன் நாம் கொடுக்கும் வாக்கு இது.

மௌன அஞ்சலி வேண்டாம். மௌனத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. என்னிடம் தூய நாடா இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லாமல். ஆனால் அதில் அவர் குரல் இல்லை. அவர் குரல் இருப்பது நீங்கள் பரணில் வைத்துக் காப்பாற்றிய கெட்டுப்போன நாடாக்களில்தான். எனவே வூகிட்சாவின் கேசட்டைப் போடப்போகிறேன். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். முடிவில் அவர் நம்மைத் திட்டுவார். அப்போது யாரும் ஜன்னலைப் பார்க்க ஓட வேண்டாம்.

நாடாவைத் தயார் செய்யுங்கள்.